ரப்பர் அணைக்கு ஒட்டுப் போட்டவர்

படிப்பு ஐந்தாம் வகுப்புதான். ஆனால் சைக்கிள் ட்யூபிலிருந்து லாரி டயர்வரை அவர் கை படாத ரப்பர் அந்த ஊரில் கிடையாது. பஞ்சர் அண்ணன் என்றால் சின்னப் பிள்ளையும் கடையைக் காட்டும். நாற்பது வருடத்தில் அவர் போட்ட ஒட்டு ஒன்றுகூடப் பிரிந்ததில்லை. பிரிந்தது என்று வந்தவர்கள் எல்லாம் ஆணி மேல் ஓட்டியவர்கள்.

அப்பேர்ப்பட்டவரை ஒரு நாள் அணையே தேடி வந்தது. கல்லணை அல்ல, ரப்பர் அணை. ஆற்றுக்குக் குறுக்கே படுத்திருக்கும் நீளமான பை. காற்றடித்தால் ஆள் உயரம் எழுந்து தண்ணீரைத் தேக்கும். தேங்கினால்தான் உல்லாசப் படகு ஓடும். எட்டுப் படகும் அண்ணனின் தங்கையுடையவை. பை ஓட்டை விழுந்து சுருண்டுவிட, எட்டும் கரையில் கவிழ்ந்து கிடந்தன.

"இந்த வாரத்துல ஒரு முழுப் பகல் பையில காத்து இறங்காம நிக்கணும். இல்லேன்னா இந்த வருஷம் படகு கிடையாது" என்று சொல்லிவிட்டார் அணையைப் பார்க்கும் எஞ்சினியரம்மா.

"பெரிய ட்யூப், அவ்வளவுதானே?" என்றார் அண்ணன்.

மணல் மூட்டை அடுக்கித் தண்ணீரைத் திருப்பினார். பாசியைச் சுரண்டி, சோப்புத் தண்ணீர் ஊற்றிக் குமிழி தேடினார். எஞ்சினியரம்மாவின் கருவி பதிமூன்று ஓட்டை காட்டியது. பதினாலாவதை அண்ணனின் கன்னம் கண்டுபிடித்தது. எல்லாவற்றையும் தேய்த்து, சொல்யூஷன் தடவி ஒட்டினார்.

முதல் நாள் மத்தியானமே காற்றளவு காட்டும் மீட்டரின் முள் இறங்கியது. மறுநாளும் அதே கதை. குமிழி மட்டும் எங்குமே இல்லை.

"பதினஞ்சாவது எங்கேண்ணே?" என்றாள் தங்கை.

"என் ஒட்டு கல்லு மாதிரி நிக்குது. முள்ளுதான் பொய் சொல்லுது" என்று சொல்லிவிட்டு அண்ணன் பம்பு அறைக்குப் பின்னால் போனார். தங்கையும் பூனை மாதிரி பின்தொடர்ந்தாள். அண்ணன் காற்றுக் குழாயின் திருகைத் திறந்து கன்னத்தை நீட்டினார். புஸ்ஸ்ஸ்! திருப்தியாகத் தலையாட்டினார். கடையில் டயரின் வால்வை அழுத்திப் பார்க்கும் பழக்கம். கை சும்மா இருக்காது.

"என்னண்ணே பண்றே?"

"காத்து இருக்கான்னு பாக்குறேன்."

"இருந்துச்சு! நீ அரை மணிக்கு ஒரு தடவை பாக்காம இருந்திருந்தா இன்னும் இருந்திருக்கும்!"

கடைசி நாள் காலையில் மறுபடி காற்றடித்தார்கள். அணை எழுந்தது, தண்ணீர் ஏறியது.

"வாண்ணே, உன் அணையை நடு ஆத்துலேர்ந்து பாரு."

அண்ணன் நெஞ்சை நிமிர்த்திப் படகில் ஏறினார். நடு ஆற்றில் தங்கை நங்கூரத்தைப் போட்டாள். துடுப்பு இரண்டையும் எடுத்துக்கொண்டு, பின்னால் கட்டி இழுத்துவந்த படகுக்குத் தாவினாள். அண்ணனுக்கு நீச்சல் தெரியாது. நாற்பது வருடமாக அவர் சொல்லாத ஒரே விஷயம் அதுதான்.

"ஏய்! துடுப்பைக் குடுத்துட்டுப் போ!"

"பொட்டலத்துல சாப்பாடு இருக்கு. சாயங்காலம் வரேன்!"

பொழுது சாயும்வரை முள் மயிரிழைகூட அசையவில்லை.

"எப்படிங்கய்யா நிக்க வெச்சீங்க?" என்று வியந்தார் எஞ்சினியரம்மா.

"பகல் பூரா கண்ணை எடுக்காம காவல் இருந்தேன்மா."

தங்கை துடுப்பைப் பார்த்து இருமினாள்.

எட்டுப் படகும் இப்போது ஓடுகின்றன. அந்தத் திருகுக்கு ஒரு பூட்டு; சாவி தங்கையின் இடுப்பில். திருட்டுப் பயம் என்கிறார் அண்ணன்.