அம்மா கண்டுபிடிக்கும் கொலைகாரன்

கொலைப்படம் வந்தால் நான் விடுவதில்லை. இன்று காக்கநாட்டுத் திரையரங்கில், "பெண்டாட்டி ஊருக்குப் போயிருக்கா" என்று திரையில் ஒருவன் சொன்னதும் மூக்கில் சுக்கு நெடி ஏறியது.

என் சிறுவயதில், கொச்சியின் கொச்சங்காடி வீட்டில் அம்மா சுக்கு தரம் பிரிப்பாள். எங்கள் வீட்டில் எழுத்துத் தெரிந்தவன் நான் மட்டும். துப்பறியும் நாவல்களை அவளுக்கு வாசிப்பேன். பக்கத்து வீட்டு முருகேசன் மாமாவும் சாயாவோடு வந்து உட்காருவார். பாதியிலேயே அம்மா கொலைகாரனைச் சொல்லிவிடுவாள்.

ஒரு நாள் வாசித்த கதையிலும் ஒருவன், பெண்டாட்டி ஊருக்குப் போயிருக்கா என்றுதான் சொன்னான். அம்மா சிரித்தாள். "புளுகன்! அவ செருப்பு வாசல்லயே கிடக்கு. வெறுங்காலோடயா போனா?"

சட்டென்று வாயை மூடிக்கொண்டாள். மாமாவின் மனைவி செல்வி அத்தை ஊருக்குப் போயிருப்பதாக மாமா சொல்லி ஒரு வாரமாகியிருந்தது. அத்தையின் ஒரே செருப்பு அவர்கள் வாசலில்தான் கிடந்தது.

மாமா சாயாவை மெல்ல உறிஞ்சினார். "நிறுத்தாதே மோனே, படி. அவனை எப்படிப் பிடிச்சாங்க?"

அத்தை இன்றுவரை திரும்பவில்லை. திரையில் போலீஸார் அவன் வீட்டுத் தரையைத் தோண்டத் தொடங்கியதும் நான் எழுந்து வெளியே வந்துவிட்டேன்.