டீவி இல்லாத வேன்

ஆபீஸ் வேன் ஓட்டும் வேலையில் பாதை பழகக் கொஞ்ச நாள் போதும். பின்னால் இருக்கிறவர்களைப் பழகத்தான் ஆயுள் போதாது. வாகனம் வைத்துப் பிழைக்கிற உங்களுக்கு இதை நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை.

காலையில் வெள்ளவத்தையில் ஒன்பது பெண்களை ஏற்றி, ஆபீசுகள் நிறைந்த கோட்டைப் பகுதியில் இறக்குகிறேன். பின்னேரம் திரும்பக் கொண்டுவந்து விடுகிறேன். முன்பு என் கணவர்தான் ஓட்டினார். அவருக்குக் கண்பார்வை மங்கியதும் நான் ஏறி உட்கார்ந்தேன். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவளுக்கு வேறு என்ன வேலை கிடைக்கும் என்று பயந்து பிடித்த ஸ்டியரிங் அது. அந்தப் பயம் இன்னும் போகவில்லை. ஆனால் வாகனம், போன், டீவி நாடகம் மூன்றைப் பற்றியும் எனக்கென்று கருத்து இருக்கிறது. அதைச் சொல்வதில் மட்டும் பயமே இல்லை.

ஒழுங்கைக்குள் ஒரு புது வேன்

சில மாதங்களுக்கு முன் எங்கள் குறுகலான ஒழுங்கைக்குள்ளேயே ஒரு புது வேன் வந்து நின்றது. ஏசி. ஒவ்வொரு சீட்டுக்கும் போன் சார்ஜ் பண்ண வசதி. டிரைவருக்குப் பின்னால் பெரிய டீவி. என் வேனில் ஏசி செத்து வருடக்கணக்காகிறது. கடற்கரை ரோட்டுக் காற்றுத்தான் எங்களுக்கு ஏசி. மழை பெய்தால் கண்ணாடியை மூடிவிட்டு என்னோடு சேர்த்துப் பத்துப் பேரும் அவிவோம்.

அந்த டிரைவர் என் ஆட்களிடமே வந்து, "ஒருக்கா ஏறிப் பாருங்கோ" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறான். மூன்று பேர் கழன்றால் நான் வேனை நிற்பாட்ட வேண்டியதுதான். கணவரிடம் சொல்லி மூக்கைச் சிந்தினேன். அவர் யோசித்துவிட்டுச் சொன்னார்: "அவன்ரை வேனிலை டீவி இருக்கு, உன்ரை வேனிலை நீ இருக்கிறாய். சத்தத்திலை ஒரு குறையுமில்லை."

போனுக்குள் இருக்கிற பெண்

அந்தப் பயத்தில் நானும் கொஞ்சம் முன்னேறிப் பார்த்தேன். வெளிநாட்டில் இருக்கும் மகள் அனுப்பிய போனை ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் மாட்டி, வழி சொல்லும் பெண்ணைப் பேச விட்டேன். அவளிடம் எனக்குப் பிடித்தது ஒன்றுதான். நான் பிழையாகத் திரும்பினாலும் ஏசாமல் புது வழி சொல்லுவாள். என் மாமியாருக்கு அந்தக் குணம் கடைசிவரை வரவில்லை.

ஒரு திங்கட்கிழமை அவள் கடற்கரை ரோட்டால் போகச் சொன்னாள். திங்கட்கிழமைகளை எனக்குத் தெரியாதா என்று காலி வீதி என்ற பெரிய ரோட்டில் விட்டேன். பம்பலப்பிட்டியில் ஒரு லொறி குறுக்கே பழுதாகி நின்றது. அவள் திரும்பத் திரும்பச் சொல்ல, நான் போனைக் கவிழ்த்து வைத்தேன். சுங்க ஏஜென்சி ஒன்றில் வேலை செய்யும் ரிஸானா மணிக்கூட்டைப் பார்த்துவிட்டுப் பின்னாலிருந்து சொன்னாள்: "அக்கா, அந்தப் புள்ள சொன்னதக் கேட்டிருந்தா இந்நேரம் டீயும் குடிச்சி முடிஞ்சிருக்கும்."

அரிசிக்கு வந்த மரியாதை

வேனைக் கராஜில் விட்ட ஒரு சனிக்கிழமை, கொட்டாஞ்சேனையில் இருக்கும் மைத்துனரின் ஹைபிரிட் காரை இரவல் வாங்கினேன். நல்ல கார். எஞ்சின் ஓடுகிறதா இல்லையா என்று குனிந்து கேட்கவேண்டும். எஞ்சின் மிச்சம் பிடித்த சத்தத்தை எல்லாம் மற்றதற்குச் செலவழிக்கிறது. கதவு சரியாகச் சாத்தாவிட்டால் கத்தும், பின்னால் எடுத்தால் கத்தும், ரோட்டில் போட்ட கோட்டைத் தாண்டினால் கத்தும். பதற்றப்படுவதற்கு நான் போதாதா? கார் வேறு பதற வேண்டுமா?

சந்தையில் வாங்கிய அரிசி மூட்டையை முன் சீட்டில் வைத்திருந்தேன். காருக்கு அது ஆள் மாதிரித் தெரிந்திருக்கிறது. பெல்ட் போடச் சொல்லி ஒரே கூச்சல். சிவப்பு விளக்கில் நின்றபோது என்னுடைய பெல்ட்டைக் கழற்றிவிட்டு, எட்டி, மூட்டையைச் சுற்றிப் பெல்ட்டை மாட்டினேன். நிமிர்ந்தால் யன்னலில் போக்குவரத்துப் பொலிஸ்காரர். மூட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சிங்களத்தில் கேட்டார்: "அக்கே, அரிசிக்குப் போட்டாச்சு. உங்களுக்கு எப்ப?"

சாந்தி அக்கா சொன்ன நாடகம்

விடியமுன் எழும்புகிறவள் நான். இரவு நாடகம் பார்க்கக் கண் திறந்திருக்காது. ஆகவே காப்புறுதி ஆபீசில் வேலை செய்யும் சாந்தி அக்கா முன்சீட்டில் இருந்து முதல்நாள் நாடகத்தைச் சொல்லுவார். சமைத்துக் களைத்து நாடகத்தைத் தவறவிட்டவர்களும் எட்டிக் கேட்பார்கள். டீவியில் ஒருத்தி கதவைத் திறந்தால், வீட்டில் உள்ள அத்தனை பேருடைய முகத்தையும் இடி முழக்கத்தோடு காட்டி முடிப்பதற்குள் விளம்பரம் வந்துவிடும். சாந்தி அக்கா கதவைத் திறந்தால் ஆள் உள்ளே வந்துவிடும். அரை மணி நேர நாடகத்தில் இருக்கிற கதை, என் கணக்கில், இரண்டு சிவப்பு விளக்குக்குத்தான் காணும்.

ஒருநாள் சாந்தி அக்கா, மருமகள் மாமியாருக்கு அறைந்ததைச் சொன்னார். வேனே கைதட்டியது. "அடி நல்லா உழுந்திச்சா?" என்று ரிஸானா இரண்டாந்தரமும் சொல்லவைத்துக் கேட்டாள். வங்கியில் வேலை செய்யும் இளம்பிள்ளை தர்ஷினி மத்தியானம் அதே நாடகத்தைப் போனில் பார்த்துவிட்டு, பின்னேரம் ஏறியதும் ஏறாததுமாகச் சண்டைக்கு வந்தாள். "சாந்தி அன்ரி, அவள் அறையவே இல்லை. அழுதுகொண்டு அறைக்குள்ளை போறாள்." சாந்தி அக்கா அசையவில்லை. "எத்தினை நாளைக்குத்தான் அவளும் அழுறது? பார்த்துக்கொண்டிருக்க ஏலாமல் நான்தான் அடிக்க வைச்சனான்."

காலியான சீட்டுகள்

கடைசியில் நான் பயந்ததே நடந்தது. மழை விடாமல் பெய்த ஒரு கிழமை, சாந்தி அக்கா, ரிஸானா, தர்ஷினி மூவரும் புது வேனுக்குப் போனார்கள். கோபப்பட முடியவில்லை. வியர்வையில் நனைந்த சேலையோடு ஆபீசுக்குள் போவது யாருக்குப் பிடிக்கும்? கண்ணாடியைப் பார்த்தால் கிழிந்த ரெக்சின் சீட்டுகள்தான் தெரிந்தன. மிச்சமிருந்த ஆறு பேரும் போனைப் பார்த்துக்கொண்டு வந்தார்கள். கோட்டை இவ்வளவு தூரம் என்று எனக்கு அதுவரை தெரியாது. வேனை விற்க ஆள் பார்க்கும்படி கணவரிடம் சொல்லிவிட்டேன்.

அடுத்த திங்கள் பழைய இடத்தில் குடையோடு இரண்டு பேர் நின்றார்கள். சாந்தி அக்காவும் ரிஸானாவும். தர்ஷினி வரவில்லை; ஏசி பழகிவிட்டதாம். அவளை நான் குறை சொல்லமாட்டேன். இரண்டு பேரும் ஏறினார்கள். வந்த சந்தோசத்தை மறைத்துக்கொண்டு, "ஏன், அங்கை டீவி பழுதோ?" என்று வெடுக்கென்று கேட்டேன். சாந்தி அக்கா முன்சீட்டில் ஏறி, கைப்பையை மடியில் வைத்து, மூச்சு விட்டுக்கொண்டு சொன்னார்: "டீவி நல்லாத்தான் வேலை செய்யுது. எல்லாரும் பார்த்துக்கொண்டு வருகினம். பார்க்கிற ஆக்களுக்கு நான் என்னத்தையடி சொல்லுறது?"

புது வாகனத்திலும் புது போனிலும் புது நாடகத்திலும் நான் இனியும் குறை கண்டுபிடிக்கத்தான் போகிறேன், ஆனால் அதைக் கேட்க எட்டுப் பேராவது பின்னால் இருக்கவேண்டும் என்பதால் இந்த மாதமே ஏசியைத் திருத்தக் கொடுத்துவிட்டேன்.