டாங்கில் ஒட்டிக்கொண்ட இரண்டு கண்கள்

பரமத்தி வேலூர்ப் பக்கத்தில் கொடிக்கால் வைத்து வெற்றிலை பறித்து வந்த காளியாத்தாளுக்குப் பொறாமை என்பது பசி மாதிரி, வேளை தவறாமல் வரும். பக்கத்துக் கொடிக்காலில் இலை அகலமாக விட்டால் அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்காது. சிறுமியாக இருந்தபோது, அக்காளுக்குக் காது குத்திவிட்டுத் தனக்கு அடுத்த வருஷம் என்று சொன்னார்களாம். வேலமுள்ளை ஒடித்துத் தன் காதைத் தானே குத்திக்கொண்டாள். இரண்டு துளையும் கோணல். கடைசிவரை ஒரு கம்மல் கரூரைப் பார்க்கும், இன்னொன்று நாமக்கல்லைப் பார்க்கும்.

அவள் கண்ணைப் பற்றி ஊரில் பெரிய பேச்சு. எதிர்த்த தெருச் சென்னியம்மாளின் தோட்டத்தில் வாழை தள்ளியிருந்த தாரைப் பார்த்து, "அடேயப்பா, என்னா தாரு!" என்றாள். வெயில் சாய்வதற்குள் மரம் இரண்டாக முறிந்தது. ஒருநாள் நாமக்கல் பஸ்ஸைப் பார்த்து, "எத்தாப் பெருசு!" என்றாள். பரமத்தி போய்ச் சேர்வதற்குள் இரண்டு டயர் வெடித்தது. மற்ற இரண்டும் அவள் பார்க்காத பக்கம் இருந்தனவாம்.

இப்படிப்பட்டவளின் கண்ணெதிரேதான், இரண்டாம் உலக யுத்தம் தொடங்குவதற்கு முந்தின தை மாதம், அவள் கொழுந்தன் சின்னுசாமி சேலத்திலிருந்து மோட்டார் சைக்கிள் வாங்கி வந்தான். அண்ணன் தம்பி வீடுகள் எதிரெதிராக, நடுவில் பொது வாசல். வண்டியை அந்த வாசலில்தான் நிறுத்தினான். கன்னங்கரேலென்று பெட்ரோல் டாங்க், அதன் ஓரத்தில் பொன் நிறக் கோடு. அவன் பெண்டாட்டி சாரதாமணி அதற்கு மாலை போட்டாள். காளியாத்தாள் "ம்" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்க் குழம்பைத் தீயவிட்டாள்.

"உங்க தம்பிக்கு மோட்டாரு, உங்குளுக்கு மட்டும் மாடா?" என்று புருஷன் செங்கோட்டையனைப் பிடித்துக்கொண்டாள்.

"மாடு சாணி போடுது. மோட்டாரு போடுமா?" என்று கேட்டுவிட்டு அவர் கொடிக்காலுக்குப் போய்விட்டார்.

மறுநாள் காலை கதவைத் திறந்தவள் திடுக்கிட்டு நின்றாள். டாங்கின் பக்கவாட்டில், மனித முகத்தளவுக்கு ஒரு பூதத்தின் படம். உருட்டி விழிக்கும் கண், கோரைப் பல், தொங்கும் நாக்கு. நேரே அவள் அடுப்பங்கரையைப் பார்த்தபடி ஒட்டியிருந்தார்கள்.

"இதென்ன அம்மிணி?"

"திருஷ்டிக்குங்க அக்கா. ஊருக்கண்ணு பொல்லாதது பாருங்க."

"ஊரு தெருவுலயல்ல இருக்குது? இது என்ற ஊட்டையில்ல பாக்குது!"

"வண்டி நிக்கற வாக்கு அப்படிங்க அக்கா" என்று சாரதாமணி சிரிக்காமல் சொன்னாள். சிரித்திருந்தால்கூடக் காளியாத்தாள் பொறுத்திருப்பாள். அன்று முதல் தினமும் காலையில் பூதம் அவளுக்கு நாக்கைக் காட்டியது. ஒருநாள் அவளும் பதிலுக்கு நாக்கைத் துருத்தினாள். செங்கோட்டையன் பார்த்துவிட்டு, பல் விளக்குவதை நிறுத்தாமலே அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வைகாசியில் காளியாத்தாளின் மகள் பாவாயிக்குக் கல்யாணம் கூடியது. மாப்பிள்ளை ஜேடர்பாளையத்துச் சின்னராஜ். மாப்பிள்ளை அழைப்புக்குக் குதிரை வேண்டாம், மோட்டார் சைக்கிள்தான் வேண்டும் என்று சொல்லியனுப்பினான். காளியாத்தாளுக்கு ஒரு பக்கம் பெருமை, ஒரு பக்கம் வயிற்றெரிச்சல். தன் மருமகன் ஏறுவதற்குச் சாரதாமணி வீட்டு வண்டியா! அழைப்பன்று காலை மாப்பிள்ளையின் தாய் ஆத்தாயி வந்து வண்டியைச் சுற்றிப் பார்த்தாள்.

"வண்டி நல்லாத்தேன் இருக்குது. ஆனா பேயை முன்னால வெச்சுக்கிட்டு என்ற பையன் ஊர்கோலம் வரமாட்டான். சாயங்காலத்துக்குள்ள எடுத்தாச் சரி. இல்லீன்னா அவன் நடந்தே வந்துக்குவான்."

நடந்து வரும் மாப்பிள்ளையா! ஊர் ஆயுசுக்கும் சிரிக்குமே. காளியாத்தாள் கொழுந்தனைக் கூப்பிட்டாள்.

சின்னுசாமி ஈரத்துணியைப் போட்டு ஊறவைத்துப் படத்தை உரித்தான். முழுசாக வந்தது, கண் இரண்டைத் தவிர. "கண்ணுதான் முக்கியம், அது உரிஞ்சு வரவே கூடாது" என்று சாரதாமணி சொன்னதற்காக, குருவி பிடிக்கிறவர்கள் ஆலம்பாலை எண்ணெயில் காய்ச்சி வைக்கும் பிசினை வாங்கி வந்து அந்த இரண்டு இடத்தில் மட்டும் அப்பியிருந்தான். படத்தில் இரண்டு ஓட்டை விழுந்தது. டாங்கில் இரண்டு கண் நின்றது. சீயக்காய் போட்டுத் தேய்த்தான். மேலே இருந்த காகிதம் போய்ப் பிசின் மட்டும் நின்றது. வாசல் புழுதியெல்லாம் அதில் ஒட்டி, கண் முன்னைவிடப் பெரிதாக முழித்தது.

"கத்தியில சொரண்டட்டுங்களா நங்கையா?" என்று அண்ணன் பெண்டாட்டியைக் கேட்டான்.

"பெயிண்டு போயிரும். நீங்க போயிப் பந்தலைப் பாருங்க. இதை நானு பாத்துக்கறேன்."

பாத்திரம் விளக்கும் செங்கல் பொடியும் தேங்காய் நாரும் எடுத்துக்கொண்டு அவள் வண்டிக்கு முன்னால் உட்கார்ந்தாள். வாசலில் யாரும் இல்லை. சாரதாமணி பூ வாங்கப் போயிருந்தாள். தையிலிருந்து காத்திருந்த கை அது. நாரை ஒரு இழுப்பு இழுத்தால் போதும், கருப்பும் போய்விடும், பொன் கோடும் போய்விடும். யாரும் தப்புச் சொல்ல முடியாது. பிசினை எடுக்கப் போனேன், வந்துவிட்டது என்றால் தீர்ந்தது.

நாரைப் பொடியில் தொட்டுவிட்டாள். அப்போது சாரதாமணியின் குரல் காதுக்குள் கேட்ட மாதிரி இருந்தது. 'பாத்தீங்களா, அக்கா கண்ணு பட்டுத்தான் போச்சு.' அதைச் சிரிக்காமல் வேறு சொல்வாள். அவள் வாயில் அந்தப் பேச்சு வருவதற்கு வழி செய்வதா? நாரைச் சாணிக் குழியில் வீசினாள்.

பலாச்சுளை உரித்த கையின் பிசுபிசுப்பு எதற்குப் போகும்? எண்ணெய்க்குப் போகும். இதுவும் பால்தானே. வெயிலில் இரும்பு சூடேறியிருந்தது. விளக்கெண்ணெயைக் கண்ணிரண்டிலும் வழியத் தடவிவிட்டு ஒரு வெற்றிலை போட்டுக்கொண்டாள். வாய் சிவப்பதற்குள் பிசின் இளகிவிட்டது. புருஷனின் நைந்த வேட்டியைக் கிழித்து விரலில் சுற்றி, அழுத்தாமல், வட்டம் வட்டமாகத் தேய்த்தாள். சின்னச் சின்னப் புழுவாகத் திரண்டு உருண்டு வந்தது. மறுபடி எண்ணெய், மறுபடி துணி. கடைசியில் பாசிப்பயற்று மாவைத் தூவி எண்ணெயை எடுத்துத் துடைத்தாள். கீறல் ஒன்றுகூட இல்லை.

ஆனால் புதுத் தொல்லை. தேய்த்த இரண்டு இடம் மட்டும் கண்ணாடியாக மின்னியது, மற்ற இடம் மங்கித் தெரிந்தது. இப்போதும் இரண்டு கண்தான்! பல்லைக் கடித்துக்கொண்டு டாங்க் முழுவதையும் தேய்த்தாள். டாங்க் மின்னியதும் விளக்கு மங்கலாகப் பட்டது. விளக்கு முடிந்ததும் சக்கரத்துக் கம்பிகள். பூக்கூடையோடு வந்த சாரதாமணி அப்படியே நின்றுவிட்டாள்.

"ஏனக்கா, உங்க வண்டியாட்டவே தேச்சிருக்கறீங்களே!"

"இன்னிக்கு ராத்திரி வரைக்கும் என்ற வண்டிதான்டி. நாளைக்கு உன்ற வண்டி."

சாயங்காலம் பிள்ளையார் கோயிலிலிருந்து மேளம் கிளம்பியது. சின்னுசாமி ஓட்ட, பின்னால் பட்டுத் தலைப்பாகையோடு சின்னராஜ். தீவட்டி வெளிச்சத்தில் வண்டி ஜொலித்தது. காளியாத்தாள் கண் குளிரப் பார்த்தாள். அப்போது கூட்டத்தில் சென்னியம்மாளின் குரல்.

"அடேயப்பா, என்னா வண்டி! என்னா மாப்பிள்ளை!"

அந்தக் குரலில் இருந்தது என்ன என்று காளியாத்தாளுக்குத் தெரியாதா? தினமும் அவளே தன் வீட்டில் சமைக்கிற பொறாமைதானே அது. திரும்பிப் பார்த்தாள். தெரு முழுக்கக் கண்ணாக இருந்தது. விழுந்தடித்து வீட்டுக்கு ஓடினாள். வாசலில் சாரதாமணி ஆரத்தி கரைத்துக்கொண்டிருந்தாள்.

"அம்மிணி, அந்தப் பூதம் எங்க?"

"உங்க விறகுக்கட்டு மேல கெடக்குது. எதுக்குங்க அக்கா? அதை வண்டியில வெச்சா ஆத்தாயியம்மா உடமாட்டாங்களே!"

"வண்டியில ஆரு வெக்கறது?"

படத்தை எடுத்துத் தன் முகத்தில் வைத்துப் பிடித்துக்கொண்டாள். இரண்டு ஓட்டையும் அளவெடுத்த மாதிரி அவள் கண்ணுக்கு நேராக அமைந்தன. அப்படியே தெருவுக்கு வந்து, மேளத்துக்கு முன்னால் போய், இடமும் வலமும் பார்த்துக்கொண்டே நடந்தாள். பூதத்துக்குள்ளிருந்து முழிப்பது யாருடைய கண் என்று ஊருக்குத் தெரியாதா? இரண்டு பக்கமும் தலைகள் குனிந்தன. சென்னியம்மாள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். ஆத்தாயி ஏதோ சொல்ல வாயெடுத்து, பூதம் தன் பக்கம் திரும்பியதும் வாயை மூடிக்கொண்டாள். மேளக்காரர்கூட மேளத்தைப் பார்த்தபடியே அடித்தார்.

மாப்பிள்ளை பந்தல் வாசலில் பொட்டுக் கீறல் இல்லாமல் இறங்கினான். சாரதாமணி ஆரத்தித் தட்டோடு வந்தாள். முதலில் மாப்பிள்ளைக்குச் சுற்றினாள், பிறகு வண்டிக்கு.

"படத்தைக் குடுங்க அக்கா, பத்திரமா வெக்கறேன்."

"போடி. வண்டி உன்னுது, பூதம் என்னுது" என்றாள் காளியாத்தாள், முகத்திலிருந்து அதை எடுக்காமலே.