பூட்டுக்கு ஒரு விண்ணப்பம்

பள்ளியைப் பார்வையிடும் அதிகாரியோடு பயிற்சிக்கு வரும் ஆசிரியர் எல்லாவற்றையும் பார்க்கலாம், வாயைத் திறக்கக் கூடாது. விதி அப்படி. தலைமையாசிரியர் ஆவதற்கான பயிற்சிக்காக என்னுடன் மயிலாப்பூர்ப் பள்ளி ஒன்றுக்கு வந்த மெஹர் டீச்சரிடம் அதைச் சொல்லித்தான் காரில் ஏற்றினேன்.

பெண்கள் கழிப்பறை பளபளத்தது. ஆனால் வாசலில் ரேஷன் கடை போல வரிசை.

"டெய்லி வாங்க மிஸ்!" என்றாள் ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி. "நீங்க வந்தாத்தான் இத்தத் தொறக்குறாங்க. மத்த நாள்ல தண்ணியே குடிக்காம வீட்டுக்கு ஓடுறோம்."

அந்தப் பள்ளியின் தலைமையாசிரியர் நெளிந்தார். "அழுக்காக்கிடுவாங்க சார், அதான் பூட்டி வெச்சிருக்கோம்."

மெஹர் டீச்சர் விதிப்படி வாயைத் திறக்கவில்லை. கதவில் தொங்கிய பூட்டைச் சாவியோடு எடுத்துக் கைப்பையில் போட்டு ஜிப்பை இழுத்தார்.

"சார், பூட்டு!" என்று தலைமையாசிரியர் என்னிடம் முறையிட்டார். பிறகு அவரே, "சரி, வேற வாங்கிக்கிறேன்" என்றார்.

என் சர்வீஸில் விதிப்புத்தகம் அவ்வளவு இனித்ததில்லை.

"அனுமதி இல்லாம புதுப்பூட்டு போடக்கூடாது சார். மேல எழுதிக் கேளுங்க. பதில் வர்ற வரைக்கும் தொறந்தே கெடக்கட்டும்" என்றேன்.

விதிகள் வேலையைத் தடுக்கத்தான் என்று அதுவரை நினைத்திருந்தேன். எங்கள் அலுவலகத்தின் தாமதம் யாருக்காவது நல்லது செய்யும் என்றும் நினைத்ததில்லை. நான் ஓய்வு பெற்றேன். அந்தப் பெண்கள் பத்தாம் வகுப்பு முடித்துப் போனார்கள். கதவு திறந்தே இருந்தது. பூட்டு வாங்கும் அனுமதி, மெஹர் டீச்சரே அங்கே தலைமையாசிரியராகப் பொறுப்பேற்ற ஜூன் மூன்றாம் தேதிதான் வந்து சேர்ந்தது.