சீர்த்தட்டில் வந்த கொசுவலை

பெங்களூரு ஈஜிபுராவில் நாங்கள் குடியிருந்த மாடியறை மழைக்காலத்து மங்கல் வெளிச்சத்தோடுதான் இன்றும் நினைவில் எழுகிறது. நான் கருவுற்ற செய்தி உறுதிப்பட்டதுமே என் கணவர் ஆள் வைத்துச் சன்னல்களுக்கெல்லாம் கொசுத்தடுப்புக் கம்பிவலை அடித்துவிட்டார். கீழே கொல்லைப்புறத்தில், வீட்டுக்காரர் வாடகைக்கு விட்டிருந்த தகரக்கூரை அறை ஒன்று இருந்தது. அதன் சுவருக்கும் கூரைக்கும் இடையே கை நுழையும் அளவுக்கு இடைவெளி. எதிரிலேயே தண்ணீர் பிடித்துவைக்கும் பீப்பாய்கள். கோலார் தங்கவயலிலிருந்து வந்த இளம்பெண் ஒருத்தி தன் கணவனோடு அங்கே வாழ்ந்தாள். என்னைப் போலவே அவளும் தலைச்சன் பிள்ளையைச் சுமந்திருந்தாள்.

பகலெல்லாம் மாடிப்படியே எங்களுக்குக் கூடம். நான் கீரை ஆய்வேன்; அவள் உப்பும் மிளகாய்த்தூளும் தொட்டு மாங்காய் தின்பாள்.

"டாக்டரம்மா உன்னை இதெல்லாம் தின்னக் கூடாதுன்னாங்க இல்ல? நீ பாத்துக்கினே இரு அக்கா, நான் ரெண்டு பேருக்கும் சேத்துத் தின்னுடறேன்" என்று சிரிப்பாள். அவளுடைய அந்தச் சிரிப்புக்காகவே நான் கீரையை மெல்ல மெல்ல ஆய்ந்த நாள்கள் உண்டு.

அவள் கணவன் கட்டடங்களுக்குச் சென்ட்ரிங் அடிப்பவன். மங்களூரில் வேலை முடித்துத் திரும்பியவன், வந்த சில நாள்களில் போர்வைக்குள் நடுங்கத் தொடங்கினான். சோதித்ததில் மலேரியா என்று தெரிந்தது. எங்கள் தெருவுக்குப் பொறுப்பான அரசுச் சுகாதார ஊழியரான ஆஷா பணியாளர் வந்து, அக்கம்பக்கத்தார் அனைவரின் விரலிலும் குத்தி இரத்தம் எடுத்தார். கன்னடக்காரராயினும் தமிழ் தடையின்றிப் பேசுவார். அவளுக்கு நோயில்லை என்று முடிவு வந்தபோதும் அவர் முகம் தெளியவில்லை.

"உன் வீட்டுக்காரருக்கு மாத்திரை இருக்கு, சரியாயிடும். உனக்கு வந்தா வயித்துக் குழந்தைக்கும் சேத்து ஆபத்தும்மா. சாயங்காலம் ஆனா கொசு கடிக்காம பாத்துக்கோ" என்றார்.

அவள் தலைக்கு மேலிருந்த இடைவெளியை நிமிர்ந்து பார்த்தாள். "எப்படிப் பாத்துக்கறது? ஒவ்வொண்ணா பேர் கேட்டு உள்ள விடறதா?"

மருந்து தோய்த்த கொசுவலைகள் அந்த வாரமே வந்தன. வந்தவை மிகச் சில. எங்கள் பகுதியில் பேறுகாலப் பதிவு செய்து தாய் அட்டை பெற்ற கர்ப்பிணிகளுக்கு மட்டும் என்று வரையறுத்திருந்தார்கள். என் அட்டை இங்கே பதிவானது. ஆகவே சன்னலெல்லாம் கம்பிவலை அடித்த என் அறைக்கு ஒரு வலை வந்தது. தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் என்பது வழக்கமாதலால், அவளுடைய அட்டையை அவள் அம்மா தங்கவயலில் பதிந்துவைத்திருந்தார். ஆகவே கீழே எதுவும் வரவில்லை. வழக்கத்தைப் பேணியவரும் விதியைப் பேணியவரும் தத்தம் கடமையைச் செய்திருந்தனர். நடுவில் அவள் விடுபட்டுப் போனாள்.

"இதை அவளுக்குக் கொடுத்துவிடலாமா?" என்று ஆஷா அம்மாவைக் கேட்டேன்.

"உங்க கையில குடுத்ததோட என் வேலை முடிஞ்சுதும்மா. அப்புறம் நான் மாடியையும் பாக்கல, கொல்லையையும் பாக்கல" என்று சொல்லிப் படியிறங்கினார்.

ஆனால் அவள் வாங்க மறுத்தாள். ஒரு கர்ப்பிணி கையிலிருந்து இன்னொரு கர்ப்பிணி எதையும் வாங்கலாகாது. வாங்கினால் இருவரில் ஒருவர் பிள்ளைக்கு ஆகாது என்று அவள் மாமியார் சொல்லி அனுப்பியிருந்தாராம்.

"உன் புள்ளைக்கு ஏதாச்சும் ஆயிட்டா நான் எந்த மூஞ்சியை வச்சிக்கினு இந்தப் படியில உக்காருவேன் அக்கா?" என்றாள். என் குழந்தையை எண்ணித் தன் குழந்தையைக் கொசுக்கடியில் விடத் துணிந்தவளிடம் நான் என்ன வாதாட முடியும்?

வழி கண்டவர் வீட்டுக்கார அம்மா. "வளைகாப்பு ஏழாம் மாசம் அவ அம்மா வீட்ல நடக்கட்டும். அஞ்சாம் மாசத்துக்குப் பூ வச்சுக் கலந்த சோறு ஆக்கிப் போட நமக்குத் தெரியாதா? சீரைச் சுமங்கலி குடுத்தா வாங்க மாட்டேன்னு எவ சொல்லுவா?"

அந்த ஞாயிற்றுக்கிழமை கொல்லையில் புளிச்சோறும் தயிர்ச்சோறும் மணத்தன. தட்டில் பூ, பழம், கண்ணாடி வளையல். அவற்றின் நடுவே, நான்கு முனையிலும் மஞ்சள் தடவிய இளநீல வலை.

"என்னாடி இது, மாப்பிள்ளை மீன் பிடிக்கப் போறாரா?" என்று பக்கத்து வீட்டுப் பெண் கேட்க, கொல்லையே சிரித்தது.

"வாயை மூடுங்கடி! நீங்க கட்டியிருக்கிற பட்டு எந்தக் கொசுவைத் தடுக்கும்?" என்றார் வீட்டுக்கார அம்மா.

நான் தட்டைத் தொடாமல் மாடிப்படியில் நின்றேன். அவள் வலையை மடியில் வாங்கிக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள். "அக்கா, இது யார் வீட்டுதுன்னு எனக்குத் தெரியவே தெரியாது, சரியா?"

வலையின் ஒரு முனையைச் சன்னல் கம்பியிலும் மற்றவற்றைச் சுவரில் புதிதாய் அறைந்த ஆணிகளிலும் கட்டினார்கள். காய்ச்சல்காரனும் வலைக்குள்ளேதான் படுக்க வேண்டும், அவனைக் கடித்த கொசுவே அவளுக்கு ஆபத்து என்று ஆஷா அம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

ஆயினும், மழை விடாது பெய்த ஒரு பிற்பகலில் அவளுக்கு உடல் சுட்டது. போர்வையை இழுத்துப் போர்த்தி, வயிற்றை இரு கைகளாலும் பொத்திக் கிடந்தாள். நாங்கள் அழைத்ததும் ஆஷா அம்மா நனைந்தபடியே வந்து விரலில் குத்தினார். சோதனைப் பட்டையில் கோடு தெளியும் வரை எல்லோரும் அதையே பார்த்திருந்தோம். தகரத்தின்மேல் மழை மட்டும் இரைந்தது.

"மலேரியா இல்ல. மழையில துணி எடுக்கப் போனியா? சளிக் காய்ச்சல்தான். எதுக்கும் ரெண்டு நாள் கழிச்சு இன்னொரு தரம் பாத்துடலாம்."

"ஒண்ணும் இல்லாததுக்கா என் விரலைக் குத்துனீங்க?"

"ஒண்ணும் இல்லன்னு சொல்றதுக்குத்தான்மா குத்தினேன்."

அதுவரை வாசலில் நின்றிருந்த அவள் கணவன் அங்கேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டான். அவள் எழுந்து தலைமுடியை முடிந்தாள்.

"உக்காந்துட்டா எப்படி? போய்ச் சூடா போண்டா வாங்கினு வாங்க. அக்காவுக்கும் சேத்து."

போண்டா வருவதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. அவள் வலையைத் தாழ்த்தி, ஓரங்களைப் பாய்க்கடியில் செருகிக்கொண்டு, உள்ளே இருந்தபடியே தின்றாள்.