தோற்றவர் கையில் சாவி

பேராசிரியைக்கு வீட்டில் வைத்த பெயர் 'கூட்டக்காரி'. சொந்தக்காரர் கல்யாணத்துக்குத் தலைகாட்ட நேரம் இருக்காது. எங்கோ கடல் தாண்டி, முன்பின் தெரியாதவர்கள் தெருவிளக்குக்காகக் கூடிச் சண்டை போடுவதைக் கேட்க மட்டும் பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். வெளிநாட்டில் சாதாரண ஜனங்கள் சங்கம் வைத்து, ஓட்டுப் போட்டு, தங்கள் காரியத்தைத் தாங்களே எப்படிப் பார்த்துக்கொள்கிறார்கள் என்பதுதான் அவர் ஆராய்ச்சி.

"அடுத்தவன் சண்டையை வேடிக்கை பார்க்கச் சம்பளம் வேற குடுக்கறாங்களா?" என்பாள் தங்கை.

ஓய்வு பெற்ற பிறகும் அவர் மனசு, கடல் தாண்டிப் போய்த் தங்கியிருந்த ஓர் ஊரின் சங்கக் கூடத்தையே சுற்றிச் சுற்றி வந்தது. ஜோடி சேராத நாற்காலிகள், கொதித்தால் விசிலடிக்கும் கெட்டில், கோட்டைக் கழற்றுவதற்குள் ஆரம்பித்துவிடும் வாக்குவாதம். அடடா, என்ன நாட்கள்! அங்கே ஒரு வழக்கம் இருந்தது. தேர்தலில் ஜெயித்தவர் தலைவர். தோற்றவர் கையில் கூடத்தின் சாவி. தோற்றவர் வந்து திறந்துவிட்டால்தான் கூட்டம்.

பேராசிரியை போயிருந்தபோது சாவி ஒரு பஸ் டிரைவரிடம் இருந்தது. கூடத்துக்குப் பின்னால் கிடந்த காலியிடத்தில் கன்று வைத்து மரமாக்கிய மனுஷர். அந்த இடத்தைக் கார் நிறுத்தமாக்க ஜெயித்தவர்கள் கூட்டம் போட்டார்கள். அதற்கும் அவரேதான் திறக்க வந்தார். பூட்டில் சாவியைப் போட்டவர் வெகுநேரம் அப்படியே நின்றார்.

"குளிருக்குப் பூட்டு இறுகிப்போச்சா?" என்று கேட்டார் பேராசிரியை.

"ஆமா டீச்சர். எண்ணெய் விடணும்," என்றார் டிரைவர். திறந்தார். மரங்கள் போயின.

பேராசிரியைக்குப் பெயர் வாங்கித் தந்த புத்தகமே இதைப் பற்றியதுதான். 'தோற்றவர் தயங்காமல் திறந்தார்' என்று எழுதியதோடு, கூடத்தின் பராமரிப்பு போதாது என்று அடிக்குறிப்பு வேறு போட்டிருந்தார். படிச்ச பெரியவங்க அல்லவா!

இப்போது அவர் குடியிருக்கும் அடுக்குமாடிச் சங்கத்திலும் அதே விதியைக் கொண்டுவந்தது அவர்தான். எல்லாரும் கைதட்டினார்கள். அடுத்த தேர்தலில் தலைவர் பதவிக்கு நின்று, கீழ்வீட்டுப் பல் டாக்டரிடம் மண்ணைக் கவ்வினார். சாவி அவர் கைக்கு வந்து சேர்ந்தது.

டாக்டர் கூட்டிய முதல் கூட்டமே, சங்க அறையில் இருக்கும் வாசகசாலையை எடுத்துவிட்டு உடற்பயிற்சிக் கருவிகள் போடத்தான். கணவர் போன பிறகு, அவருடைய புத்தகங்களை வைத்துப் பேராசிரியை ஆரம்பித்த வாசகசாலை அது. சாயங்காலம் நாலு பேர் வந்து பேப்பர் புரட்டுவார்கள், அரசியல் பேசிக் கத்துவார்கள். அந்த நாலு பேரை விட்டால் அவருக்குப் பேச்சுத்துணை கிடையாது.

தங்கை போனில் தூபம் போட்டாள். "முட்டிவலின்னு சொல்லிட்டுப் படுத்துக்கோ அக்கா. சாவி இல்லாம எப்படிக் கூட்டம் நடத்தறாங்கன்னு பார்ப்போம்!"

"சும்மா இருடி," என்று போனை வைத்தார். ஆனால் ஆசை இருந்தது. பொய் சொல்வானேன், நிறையவே இருந்தது.

இருந்தும் போனார். டாக்டரும் மற்றவர்களும் முதுகுக்குப் பின்னால் காத்திருந்தார்கள். சாவியைப் பூட்டில் போட்டார். கண்ணாடிக் கதவு வழியே கணவரின் புத்தகங்கள் தெரிந்தன. கை திரும்ப மாட்டேன் என்றது.

"பூட்டு மக்கர் பண்ணுதா மேடம்? எண்ணெய் விடச் சொல்லட்டுமா?" என்று அக்கறையாகக் கேட்டார் டாக்டர்.

பேராசிரியைக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்தக் குளிரில், முதுகைக் காட்டிக்கொண்டு நின்ற டிரைவர் கண்ணுக்குள் வந்தார். பக்கத்திலேயே நின்றேனே, அந்த முகத்தை ஒரு தரம் பார்த்தேனா?

"அடப்பாவி மனுஷா," என்று முணுமுணுத்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"பூட்டு நல்லாத்தான் இருக்கு டாக்டர்," என்று சொல்லித் திறந்துவிட்டார்.