அடுப்புக்கு வகிடு எடுத்தவள்

வலது கையைத் தோள்வரை அடுப்பின் வாய்க்குள் விட்டு, கன்னத்தை இரும்பில் சாய்த்து, கண்ணை மூடியபடி சுரண்டிக்கொண்டிருந்தாள் கரிக்கை அக்கா. "இன்னும் கொஞ்சம் வாயைத் திறடி. பல்லு விளக்கி எத்தனை நாளாச்சு உனக்கு?" என்று அடுப்பை அதட்டினாள். உள்ளிருந்து சாம்பல் பொலபொலவென்று உதிர்ந்தது.

சாப்பாட்டுக் கடைக்கு அன்று விடுமுறை. இடுப்பு உயர வார்ப்பிரும்பு அடுப்பு அது. யானைக்கால் போல நாலு கால், பூ வார்த்த இரண்டு கதவு, மூன்று துண்டாகக் கழற்றிப் பூட்டுகிற மேல்தட்டு. மாதம் ஒருமுறை வந்து துலக்குகிறவள் அக்கா. விடுமுறையிலும் விடாமல் வந்து வாசலில் நின்றான் கடையின் சமையல்காரன். அவளுடைய கூடப்பிறந்த தம்பி. அவன் கண் அடுப்பின் நடுத்தட்டை விட்டு நகரவில்லை.

மூன்று நாளைக்கு முன், பழுக்கக் காய்ந்த தட்டின்மேல் அவசரத்தில் ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றிவிட்டான். 'டிக்' என்றது. மயிரிழை போல ஒரு விரிசல். அதன்மேல், இரும்பைக் கருப்பாக்கப் பூசுகிற அடுப்பு மையைக் குழைத்து அப்பியவன் யாரிடமும் மூச்சுவிடவில்லை. தெரிந்தால் முதலாளி சீட்டைக் கிழித்துவிடுவார்.

அக்கா அடுப்புக்குத் தண்ணீரே காட்டமாட்டாள். கம்பி பிரஷ், பழைய பல் பிரஷ், தேய்ந்த கம்பளி சாக்ஸ், ஒரு டப்பா மை. அவ்வளவுதான் அவள் பட்டறை. துருவுக்கு ஒரு துளி எண்ணெய். கதவிலுள்ள பூவின் இடுக்குகளைக் குழந்தையின் காதைத் துடைப்பதுபோல் துடைப்பாள். கையுறை கொடுத்தால், "அதை மாட்டினா கண்ணைக் கட்டின மாதிரி இருக்கு" என்பாள். பெரிய படிப்புக்காரர்கள் எத்தனை பேர் வேண்டுமானாலும் வரட்டும். விரல் நுனியால் இரும்புக்கு நாடி பார்க்கிற இந்த வித்தைக்கு முன்னால் கைகட்டித்தான் நிற்கவேண்டும்.

அவன் அப்பிய மை அவள் பிரஷுக்கு முன் எம்மாத்திரம்? நடுத்தட்டில் விரல் நின்றது. எழுந்து ஜன்னல்களைச் சாத்தினாள். எரியும் விளக்கை அடுப்பின் வயிற்றுக்குள் வைத்துக் கதவை மூடினாள். இருட்டில், தட்டின் குறுக்கே தங்கக் கம்பி இழுத்ததுபோல் வெளிச்சம் கசிந்தது. தம்பிக்குப் பயம்கூட மறந்துவிட்டது. அழகாக இருந்தது, சனியன்.

"தண்ணியா?" என்றாள் திரும்பாமலே.

"ஒரு சொம்புதான்க்கா..."

"பின்னே, அண்டாவா ஊத்தணும்?"

"மையைப் போட்டு மூடிடேன். உன் கை பட்டா யாருக்குமே தெரியாது."

"தெரியாதுதான். நாளைக்குக் கொதிக்கிற அண்டாவை இதுமேல ஏத்துவே. தட்டு ரெண்டாப் போகும். அப்ப எதுத்தாப்புல நிக்கிறது யாரு, நானா?"

"வேலை போயிடும்க்கா. முதலாளிகிட்ட சொல்லிடுவியா?"

"நான் ஏன் சொல்றேன்? உனக்கென்ன, வாய் இல்லையா?"

ஜன்னல்களைத் திறந்து, விளக்கை வெளியே எடுத்து, நாலு குச்சி எரித்து அடுப்பைக் கை பொறுக்கும் சூட்டுக்குக் கொண்டுவந்தாள். மையைத் தொட்டுத் தொட்டு இட்டாள். பிறகு தேய்க்க ஆரம்பித்தாள். தோளும் முதுகும் இடுப்பும் ஒரே வீச்சில் போய்வந்தன. ஒரு மணி நேரம். இரண்டு மணி நேரம். கருப்புக்குள்ளிருந்து வெளிச்சம் கிளம்பியது. ஜன்னலும் கூரையும் தொங்கும் கரண்டிகளும் தட்டுக்குள் தலைகீழாக இறங்கின. பட்டுப்போல என்று சொன்னால் அடுப்பு கோபித்துக்கொள்ளும்.

விரிசலை மட்டும் அவள் தொடவில்லை. இருபுறமும் விரலகலம் விட்டே மை ஓடியது. படிய வாரிய தலையில் வகிடு எடுத்ததுபோல், சாம்பல் நிறக் கோடு பளிச்சென்று நின்றது.

முதலாளி வந்தார். "அட!" என்றார். தட்டுக்குள் தெரிந்த தன் முகத்தைப் பார்த்து மீசையைத் தடவிக்கொண்டார். அப்புறம் கண் கோட்டில் விழுந்தது.

"இது என்னம்மா?"

அக்கா துணியை மடித்துக்கொண்டிருந்தாள். தம்பி பக்கம் பார்க்கவே இல்லை. அவன் ஓரடி முன்னால் வந்தான்.

"நான்தான் முதலாளி. சூட்டோட தண்ணி ஊத்திட்டேன். மையைப் பூசி மறைச்சும் வெச்சேன்."

முதலாளி குனிந்தார். பளபளப்பில் விரல் பட்டுவிடாமல், கோட்டின்மேல் மட்டும் மெல்ல ஓட்டிப் பார்த்தார். நிமிர்ந்து தம்பியைப் பார்த்தார்.

"மறைச்சதுக்கு உன்னை இன்னைக்கே அனுப்பணும். கேட்டதும் ஒத்துக்கிட்ட, பொழைச்சுப் போ. புதுத் தட்டு வார்த்து வர்ற வரைக்கும் பின்னாடி மூணு கல்லு வெச்சு சமை. புகையில நல்லா அழு."

அக்கா, வார்ப்புப் பட்டறைக்கு அனுப்புவதற்காக நடுத்தட்டை நெம்பி ஒரு முனையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மறுமுனையைப் பிடிக்கும்படி தம்பிக்குத் தாடையை ஆட்டினாள்.